ஒரே டவர், இரண்டு பாதை! டேட்டா நெட்வொர்க்கில் சமமும் நிர்வாகமும்

சென்ற பொங்கலுக்குப் பாளையங்கோட்டையில் உள்ள என் பெரியப்பா வீட்டிற்குச் சென்றிருந்தேன். தொலைபேசித் துறையில், எக்ஸ்சேஞ்ச் பிரிவில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். இந்த வயதில்தான் முதன் முதலாகச் சொந்தமாக ஒரு லேப்டாப் வாங்கியிருக்கிறார். சாஃப்ட்வேர் இன்ஜினியர் வீட்டிற்கு வந்தால் விடுவாரா? சாப்பிட்டுக் கை கழுவும் முன்பே கேள்வி வந்துவிட்டது.

"ஏல, இதுக்கு ஒரு பதில் சொல்லு. செல்போன்ல உங்க அப்பாட்ட பேசினா பக்கத்துல உக்காந்து பேசுத மாதிரி இருக்கு. அதே செல்போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, கம்ப்யூட்டர்ல பெங்களூர்ல இருக்க உங்க அக்காட்ட பேசினா, ராத்திரி எட்டு மணிக்குக் குரல் வெட்டி வெட்டி வருது. டவர் ஒண்ணுதானே? ஒருத்தனுக்கு ராஜ மரியாதை, இன்னொருத்தனுக்குத் தெருத் திண்ணையா?"

நல்ல கேள்வி! புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இண்டர்நெட் இணைப்பு பெற்றிருக்கும் உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். பதில் சிறியதுதான். உங்கள் டேட்டா செல்லும் நெட்வொர்க்கை இரண்டு விதமாக நடத்தலாம். வருகின்ற டேட்டா எல்லாவற்றையும் சமமாகக் கருதி அனுப்புவது ஒரு விதம். இதனை நியூட்ரல் நெட்வொர்க் என்கிறார்கள். எது முந்த வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என ஒருவர் தீர்மானித்து அனுப்புவது இன்னொரு விதம். இது மேனேஜ்டு நெட்வொர்க், அதாவது நிர்வகிக்கப்படும் நெட்வொர்க். பெரியப்பாவின் செல்போன் அழைப்பு இரண்டாவது பாதையிலும், கம்ப்யூட்டர் அழைப்பு முதல் பாதையிலும் செல்கின்றன.

இவற்றில் எது நல்லது? அதைத் தெரிந்துகொள்ள, இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று முதலில் பார்ப்போம்.

பழைய டெலிபோன் வழி

பெரியப்பா வேலை பார்த்த எக்ஸ்சேஞ்சில் இருந்து தொடங்குவோம். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் உங்கள் குரலை ஒரு நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டுகளாக மாற்றுவார்கள். ஆக, நொடிக்கு 64,000 பிட்டுகள். நீங்கள் எண்ணைச் சுழற்றி இணைப்பு ஏற்படும்போதே, இந்த 64,000 பிட்டுகள் செல்வதற்கான இடம் முழு வழியிலும் உங்களுக்கென ஒதுக்கப்பட்டுவிடும். நீங்கள் பேசாமல் மௌனமாக இருந்தாலும் அந்த இடம் உங்களுடையதுதான். ரயிலில் ரிசர்வ் செய்த சீட் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுந்து கதவருகே போய் நின்றாலும் அதில் மற்றவர் உட்கார முடியாது.

இதில் நன்மை என்ன? குரல் வெட்டாது, தாமதம் மாறாது. குறை என்ன? இடம் வீணாகும். சீட் தீர்ந்துவிட்டால் அடுத்தவருக்கு இடமே கிடையாது. இரண்டு எக்ஸ்சேஞ்சுகளை இணைத்த இ-1 என்னும் லைனில் 32 வழிகள் உண்டு. அவற்றில் பேசுவதற்குப் பயன்பட்டவை 30 மட்டுமே. முப்பத்தொன்றாவது ஆள் "இந்தத் தடத்தில் உள்ள எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன" என்ற குரலைத்தான் கேட்க வேண்டும். இங்கு எல்லா முடிவையும் எடுப்பது நடுவில் இருக்கும் எக்ஸ்சேஞ்ச். உங்கள் கையில் உள்ள போனுக்கு ஒன்றும் தெரியாது.

பொட்டலம் கட்டி அனுப்பும் வழி

1960-களில் அமெரிக்காவில் பால் பாரன், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்ற இருவரும் தனித்தனியே வேறு ஒரு வழியை யோசித்தார்கள். டேட்டாவைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி அனுப்பிவிட்டால் என்ன? துண்டுக்கு "பாக்கெட்" என்று பெயர் வைத்தவர் டேவிஸ். நம் மளிகைக் கடைப் பொட்டலம்தான்!

நீங்கள் 3 எம்.பி. அளவுள்ள போட்டோ ஒன்றை அனுப்புகிறீர்கள். ஒரு பாக்கெட்டில் அதிகபட்சம் சுமார் 1,500 பைட்டுகள் செல்லும். ஆகவே உங்கள் போட்டோ ஏறத்தாழ 2,000 பாக்கெட்டுகளாகப் பிரிந்து புறப்படும். வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரும் பாக்கெட்டின் மேலுள்ள முகவரியைப் பார்த்து அடுத்த ரூட்டருக்குத் தள்ளிவிடும். ரூட்டரில் கூட்டம் அதிகமானால் பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும். வரிசையும் நிரம்பிவிட்டால் பாக்கெட் தூக்கி எறியப்படும். அது காணாமல் போனதைக் கண்டுபிடித்து மீண்டும் அனுப்பச் சொல்வது, இரு முனைகளிலும் உள்ள கம்ப்யூட்டர்களின் வேலை.

இதில் யாருக்கும் சீட் கிடையாது. டவுன் பஸ் மாதிரி. ஏறலாம், நிற்கலாம், நெரிசலில் இடிபடலாம். ஆனால் யார் வேண்டுமானாலும் ஏறலாம். "முடிந்தவரை கொண்டு சேர்ப்பேன், உத்தரவாதம் கிடையாது" என்பதே இண்டர்நெட்டின் அடிப்படை ஒப்பந்தம்.

ஒரு செய்தியை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இண்டர்நெட் முழுக்க முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வதாகச் சிலர் எண்ணுகின்றனர். அப்படி அல்ல. 1981-ல் வெளியான ஐ.பி. விதிகளிலேயே, "இந்தப் பாக்கெட்டுக்கு அவசரம்" என்று குறிப்பிடுவதற்காக ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் 8 பிட் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. எனவே நிர்வாகம் என்ற எண்ணம் இண்டர்நெட்டுக்குப் புதிது அல்ல.

அறிவு எங்கே இருக்க வேண்டும்?

1984-ல் சால்ட்சர், ரீட், கிளார்க் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதன் சாரம்: சில வேலைகளை முனையில் உள்ள கம்ப்யூட்டர்தான் சரியாகவும் முழுமையாகவும் செய்ய முடியும், அவற்றை நடுவில் உள்ள நெட்வொர்க்கின் தலையில் கட்ட வேண்டியதில்லை. இதனை எண்ட் டு எண்ட் தத்துவம் என அழைக்கின்றனர். நடுவில் எளிமை, ஓரத்தில் அறிவு. டெலிபோன் வழிக்கு இது நேர் எதிர்.

இதனால் சாதாரண மனிதருக்கு என்ன லாபம் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 2015-ல் நான் இன்ஜினியரிங் முதல் ஆண்டு மாணவன். நானும் என் நண்பனும் எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் எழுதிப் போட்டிருந்த நேரப் பட்டியலைக் குறித்து வந்து, ஒரு சிறிய வெப் பக்கம் தயாரித்தோம். எந்த ஊருக்கு எப்போது பஸ் என்று பார்க்கலாம். அவ்வளவுதான். இதை வெளியிட நாங்கள் எந்த டெலிபோன் நிறுவனத்தின் அனுமதியையும் கேட்கவில்லை. எந்த விண்ணப்பமும் நிரப்பவில்லை. பெரிய நிறுவனங்களின் தளங்கள் செல்லும் அதே பஸ்ஸில் எங்கள் பக்கமும் தொற்றிக்கொண்டு சென்றது.

பஸ் நிலைய வாசலில் டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் பெருமையாகக் காட்டப் போனேன். அவர் போனில் பக்கம் திறக்கவே இல்லை. அவர் போட்டிருந்தது ஒரு மலிவு பேக். அதில் ஒரு சாட் ஆப்பும் ஒரு சமூகத் தளமும் மட்டும்தான் வரும். அவர் கேட்டார்: "உங்க பக்கத்த அந்தச் சாட்டுக்குள்ளயே போட முடியாதா தம்பி?"

அவருக்கு அந்தச் சாட்தான் இண்டர்நெட்! அவர் மேல் குறை இல்லை. கையில் உள்ள காசுக்கு எது கிடைத்ததோ அதை வாங்கினார். ஆனால், பஸ் நேரம் தேவைப்படும் ஆட்கள் தினமும் வந்து விசாரிக்கும் இடமே அவர் கடைதான். அங்கே எங்கள் பக்கம் போய்ச் சேரவில்லை. வழியில் கம்பி அறுந்திருக்கவில்லை, டவரும் பழுதில்லை. எது போகலாம் என்ற பட்டியலில் எங்கள் பெயர் இல்லை, அவ்வளவுதான். நிர்வகிக்கப்படும் நெட்வொர்க்கின் இன்னொரு முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு நாடே பயன்படுத்திய மினிடெல்

முழுவதும் நிர்வகிக்கப்பட்ட நெட்வொர்க் மோசம் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். பிரான்ஸ் நாட்டில் 1982-ல் மினிடெல் என்ற சேவை தொடங்கியது. தொலைபேசி நிர்வாகமே சிறிய திரையும் கீ போர்டும் கொண்ட டெர்மினலை வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. டெலிபோன் டைரக்டரி பார்ப்பது, ரயில் டிக்கெட் பதிவு செய்வது, பொருள் வாங்குவது, சாட் செய்வது எல்லாம் அதில் நடந்தன. நாம் பிரவுசர் என்ற பெயரையே கேள்விப்படாத காலம் அது! கட்டணம் டெலிபோன் பில்லில் சேர்ந்து வரும். சேவை நடத்தியவருக்கு அதில் பங்கு கிடைக்கும்.

ஒழுங்காக, எளிதாக, பணமும் ஈட்டிய நெட்வொர்க். ஆனால் சேவை தொடங்க நினைப்பவர் தொலைபேசி நிர்வாகத்தின் வழியாகவே வர வேண்டும். டெர்மினலும், கட்டண முறையும், வழியும் அவர்கள் வகுத்தவை. ஒரு நாட்டின் எல்லைக்குள் சிறப்பாக ஓடிய அந்த நெட்வொர்க், யார் வேண்டுமானாலும் எதையும் சேர்க்கலாம் என்ற இண்டர்நெட் முன் நிற்க முடியவில்லை. 2012 ஜூன் 30 அன்று மினிடெல் மூடப்பட்டது. தரம் தந்தது நிர்வாகம். வளர்ச்சி தந்தது சமம். இரண்டும் உண்மை.

உங்கள் செல்போனில் இரண்டும் உண்டு

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். 4ஜி போனில் நேரடியாக எண்ணை அழுத்திப் பேசும்போது, பெரும்பாலும் வோல்ட்டீ என்ற முறை செயல்படுகிறது. இதிலும் குரல் பாக்கெட்டுகளாகத்தான் செல்கிறது. ஆனால் அழைப்பு தொடங்கும்போதே, டவரில் அந்தக் குரலுக்கென ஒரு தனிப் பாதை அமைக்கப்படுகிறது. நெட்வொர்க்கில் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு தர எண் உண்டு. குரலுக்கான எண் 1. இதற்குக் குறிப்பிட்ட வேகம் உத்தரவாதம். தாமதம் 100 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு.

ஹாட்ஸ்பாட் வழியாகக் கம்ப்யூட்டரில் பேசும்போது, அந்தக் குரல் சாதாரண இண்டர்நெட் பாதையில் செல்கிறது. இதற்கு வழக்கமாகத் தரப்படும் எண் 9. உத்தரவாதம் கிடையாது. தாமத இலக்கு 300 மில்லி செகண்ட். பக்கத்து வீட்டில் ஓடும் சினிமா, எதிர் வீட்டில் டவுன்லோட் ஆகும் கேம், எல்லாமே இதே வரிசையில் நிற்கின்றன. இரவு எட்டு மணிக்குக் கூட்டம் அதிகம். ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குக் குரல் செல்ல 150 மில்லி செகண்டுக்குள் ஆனால் பேச்சு இயல்பாக இருக்கும். அதற்கு மேல் போகப் போக, ஒருவர் பேசும்போதே மற்றவர் குறுக்கிடுவது போல ஆகிவிடும்.

ஒரே டவர், இரண்டு பாதை என்பது இதுதான். இதில் அநியாயம் உண்டா? குரலுக்குத் தாமதம் ஆகாது. சினிமாவோ சில விநாடி முன்கூட்டியே டேட்டாவைச் சேமித்து வைத்துக்கொள்ளும். தேவையைப் பார்த்துப் பாதை பிரித்தால் அது நியாயமான நிர்வாகமே.

நீங்களே செய்து பாருங்கள்

பாக்கெட்டுகள் வரிசையில் நிற்பதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் பின்வருமாறு செய்யவும்.

1. கீ போர்டில் விண்டோஸ் கீயை அழுத்தியவாறு ஆர் கீயைத் தட்டவும். ஒரு சிறிய பெட்டி கிடைக்கும். அதில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இடைவெளி இன்றி டைப் செய்து என்டர் தட்டவும். கருப்பு நிற விண்டோ திறக்கும்.

2. அதில் பிங் என்ற கட்டளையைத் தர வேண்டும். பி, ஐ, என், ஜி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, ஒரு ஸ்பேஸ் விட்டு, 8.8.8.8 என டைப் செய்து என்டர் தட்டவும். இந்த எண், கூகுள் நடத்தும் பொது டி.என்.எஸ். சேவையின் முகவரி.

3. நான்கு பாக்கெட்டுகள் சென்று திரும்பியதற்கு அடையாளமாக நான்கு வரிகள் தோன்றும். ஒவ்வொன்றிலும் டைம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண்தான் சென்று திரும்பிய நேரம், மில்லி செகண்டில். இதைக் குறித்துக்கொள்ளவும்.

4. இப்போது ஏதேனும் ஒரு பெரிய பைலை டவுன்லோட் செய்யத் தொடங்கிவிட்டு, மீண்டும் பிங் கட்டளை தரவும். டேட்டா அளவு குறைவாக உள்ளவர்கள் அரை நிமிடத்தில் டவுன்லோடை நிறுத்திவிடலாம்.

எங்கள் வீட்டில் முதல் முறை 12 மில்லி செகண்ட் வந்தது. டவுன்லோட் ஓடும்போது 180-ஐத் தாண்டியது. யாரும் எங்கள் லைனைக் கெடுக்கவில்லை. எங்கள் டவுன்லோடே எங்கள் பிங் பாக்கெட்டுக்கு முன்னால் வரிசையில் நின்றது. "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்ற வரி வந்தால், பதில் உரிய நேரத்தில் திரும்பவில்லை என்று பொருள்.

நிர்வாகம் எப்போது தவறாகிறது?

தேவையைப் பார்த்து வரிசை பிரித்தால் நல்லது என்றோம். தேவைக்குப் பதிலாக, பாக்கெட் யாருடையது என்று பார்க்கத் தொடங்கினால்? அமெரிக்காவில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைப் பாருங்கள்.

மேடிசன் ரிவர் என்பது இண்டர்நெட் இணைப்பும் தந்த ஒரு டெலிபோன் நிறுவனம். அதன் இணைப்பில் வோனேஜ் என்ற இண்டர்நெட் டெலிபோன் சேவை வேலை செய்யாதபடி தடுக்கப்பட்டது. மலிவான இண்டர்நெட் அழைப்பு, நிறுவனத்தின் சொந்தத் தொழிலுக்குப் போட்டி அல்லவா? 2005-ல் எஃப்.சி.சி. என்னும் தொலைத்தொடர்பு ஆணையம் தலையிட்டது. நிறுவனம் தடையை நீக்கி 15,000 டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

அடுத்தது 2007. பழைய இசைப் பதிவுகளை பிட்டோரண்ட் மூலம் பகிர்ந்துகொள்ள முயன்ற ஒரு நெட்வொர்க் இன்ஜினியருக்கு, பகிர்வு நடுவிலேயே அறுந்துகொண்டிருந்தது. ஆராய்ந்தபோது, காம்காஸ்ட் நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இருந்து "இணைப்பை முடித்துக்கொள்" என்ற பாக்கெட்டுகள் வருவது தெரிந்தது. மறுமுனையில் உள்ள கம்ப்யூட்டரே அனுப்பியது போல அவை வந்தன. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் சோதித்து இதை உறுதி செய்தது. நெரிசலைக் குறைக்கவே இப்படிச் செய்ததாக காம்காஸ்ட் கூறியது. 2008-ல் எஃப்.சி.சி. இதைத் தவறு என்றது. 2010-ல் நீதிமன்றம், அந்த உத்தரவைப் போட எஃப்.சி.சி.க்கு அதிகாரம் இல்லை என்று ரத்து செய்தது.

நெரிசல் உண்மையாகவே இருந்தாலும், வாடிக்கையாளருக்குத் தெரியாமல், ஒரு குறிப்பிட்ட புரோகிராமை மட்டும், மறுமுனை போல வேடமிட்டு நிறுத்தலாமா? இதுதான் விவாதம். இதற்கு நெட்வொர்க் நியூட்ராலிட்டி என்ற பெயரை 2003-ல் கொடுத்தவர் டிம் வூ என்ற சட்டப் பேராசிரியர். தமிழில் இணையச் சமநிலை எனலாம்.

நம் நாட்டில் நடந்தது

2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம், இண்டர்நெட் வழி அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தது. 2015 மார்ச்சில் டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மக்களிடம் கருத்து கேட்டது. 10 லட்சத்திற்கும் மேற்பட்ட இமெயில்கள் குவிந்தன! ஏப்ரலில், தளங்களை நடத்துபவரே டேட்டா செலவை ஏற்கும் ஏர்டெல் ஜீரோ திட்டம் வந்தது. அதில் சேர இருந்த ஃபிளிப்கார்ட் விலகிக்கொண்டது. குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் பற்றியும் நாடு முழுவதும் வாக்குவாதம் நடந்தது.

ஏழைகளுக்குக் கொஞ்சமாவது கிடைக்கட்டுமே என்றது ஒரு தரப்பு. எது கிடைக்கலாம் என்பதை ஒரு நிறுவனம் தீர்மானிக்கக் கூடாது என்றது மறு தரப்பு. எனக்கு அந்த டீக்கடை அண்ணாச்சிதான் நினைவுக்கு வந்தார். இரண்டு தரப்பு வாதத்திற்கும் அவரே உதாரணம்.

2016 பிப்ரவரி 8 அன்று டிராய் விதி வெளியிட்டது. தளத்தையோ ஆப்பையோ பொறுத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாள் ஒன்றுக்கு ரூ.50,000 வீதம், அதிகபட்சம் ரூ.50 லட்சம் அபராதம். ஆனால் ஒரு விலக்கு உண்டு. இண்டர்நெட்டைத் தொடாத மூடிய நெட்வொர்க்குகளுக்கு இந்த விதி கிடையாது. ஒரு நிறுவனம் தன் கிளைகளுக்குள் வைத்துக்கொள்ளும் தனி நெட்வொர்க் போன்றவை இதில் அடங்கும். விதியை ஏமாற்ற அதைப் பயன்படுத்தினால் விலக்கு செல்லாது.

அதன் பின் 2018-ல், இண்டர்நெட் நிறுவனங்களின் லைசென்ஸ் நிபந்தனையிலேயே சமநிலை சேர்க்கப்பட்டது. உள்ளடக்கத்தைப் பார்த்துத் தடுப்பது, வேகம் குறைப்பது, சிலருக்கு மட்டும் கூடுதல் வேகம் தருவது எதுவும் கூடாது. நெரிசல் நேர நிர்வாகம் செய்யலாம். அது அளவோடும், தற்காலிகமாகவும், வெளிப்படையாகவும் இருக்க வேண்டும். உத்தரவாதமான தரம் தேவைப்படும் சிறப்புச் சேவைகளுக்கும் விலக்கு உண்டு. சாதாரண இண்டர்நெட் அதனால் பாதிக்கப்படக் கூடாது. பார்த்தீர்களா? நம் விதி நிர்வாகத்தை ஒழிக்கவில்லை. எதைப் பார்த்து நிர்வகிக்கலாம் என்று எல்லை போட்டிருக்கிறது.

எல்லா நாடுகளிலும் இப்படி இல்லை. ஐரோப்பிய யூனியனில் 2016 முதல் இதற்குச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அமெரிக்காவில் 2015-ல் கடுமையான விதி வந்தது. 2017-ல் நீக்க முடிவானது. 2024-ல் மீண்டும் கொண்டு வரப்பட்டது. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தம் சொந்தச் சட்டத்தை வைத்துள்ளன.

வீட்டில் நீங்கள்தான் நிர்வாகி

உங்கள் வீட்டு இணைப்புக்குள் எது முந்த வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். இதை நான் கற்றது ஒரு சங்கடத்தில். என் தங்கைக்கு ஆன்லைனில் வேலைக்கான இன்டர்வியூ. பக்கத்து அறையில் என் கம்ப்யூட்டர் பெரிய அப்டேட் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தது. அவள் பதில் சொல்லச் சொல்ல, எதிரில் உள்ளவர்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கிறது. இன்டர்வியூ முடிந்து அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. நெட்வொர்க் இன்ஜினியரிங் தெரிந்த அண்ணன் என்று பெயர் வேறு! நீங்கள் பின்வருவனவற்றைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

* முக்கியமான அழைப்புக்கு முன் மற்ற கம்ப்யூட்டர், டிவி, போன்களில் டவுன்லோட் எதுவும் ஓடுகிறதா எனப் பார்த்து நிறுத்தவும். விண்டோஸ் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பிரிவில் அப்டேட்டைச் சில நாள் நிறுத்தி வைக்கும் வசதி உண்டு.

* போன் ஹாட்ஸ்பாட் பயன்படுத்துவோர், செட்டிங்ஸில் நெட்வொர்க் பிரிவுக்குச் சென்று, அந்த வை-ஃபை இணைப்பின் பிராப்பர்டீஸில் மீட்டர்டு கனெக்‌ஷன் என்பதை ஆன் செய்யவும். பின்னணியில் தானாக நடக்கும் பல டவுன்லோடுகளை விண்டோஸ் தள்ளிப் போடும்.

* உங்கள் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் க்யூ.ஓ.எஸ். என்ற பிரிவு உள்ளதா எனப் பார்க்கவும். இருந்தால், நீங்கள் அழைப்புகளுக்குப் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்கு முன்னுரிமை தரலாம். எல்லா ரூட்டரிலும் இது இருக்காது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, தினசரி அளவு முடிந்ததும் வேகம் குறைகிறது என்றால் அது சமநிலை மீறல் அல்ல. எல்லாத் தளத்துக்கும் ஒன்றாகத்தான் குறைகிறது. மற்றொன்று, ஒரு தளம் மட்டும் மெதுவாக இருந்தால் உடனே நெட்வொர்க்கைச் சந்தேகிக்க வேண்டாம். அந்தத் தளத்தின் சர்வரிலேயே கூட்டம் இருக்கலாம். வேறு நிறுவனத்தின் இணைப்பில் அதே நேரத்தில் திறந்து பாருங்கள். அங்கும் மெதுவானால் குறை தளத்தில். ரீசார்ஜுடன் சினிமா ஆப் சந்தா இலவசம் என்று வந்தால், சந்தாதான் இலவசம். பார்க்கும்போது டேட்டா கழியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரியப்பா சொன்ன கணக்கு

பெரியப்பாவின் லேப்டாப்பைப் பார்த்தேன். புதிய கம்ப்யூட்டர் அல்லவா, ஹாட்ஸ்பாட் கிடைக்கும் நேரத்தில் எல்லாம் அப்டேட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தது. மீட்டர்டு கனெக்‌ஷனை ஆன் செய்தேன். அன்று இரவு அக்காவிடம் பேசினார். குரல் எவ்வளவோ தேறியிருந்தது. ஆனாலும் இரண்டு முறை வெட்டியது. டவரில் உள்ள கூட்டத்தை நம் லேப்டாப்பில் இருந்து கலைக்க முடியாதே!

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எங்க காலத்து டிரங்க் கால்ல ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங்னு மூணு தினுசு உண்டுல. அவசரம்னா காசு கூட. அது நிர்வாகந்தான். ஆனா நீ யாருக்குப் போன் போடுதன்னு பாத்து நாங்க ரேட்டு வச்சது கிடையாது. பெரிய மில்லுக்காரர் போட்டாலும், பீடிக் கடைக்காரர் போட்டாலும் அர்ஜெண்டுக்கு ஒரே ரேட்டுதான்."

அவர் சொன்னதைப் பொறுத்திப் பார்த்தால் எந்தத் திட்டத்தையும் நீங்கள் எடை போட்டுவிடலாம். வரிசை தேவையைப் பார்த்துப் பிரிக்கப்படுகிறதா, பெயரைப் பார்த்தா? அவசரப் பாதையைத் தேர்வு செய்வது நீங்களா, நிறுவனமா? விதி எல்லோருக்கும் தெரியும்படி எழுதப்பட்டிருக்கிறதா? 5ஜி நெட்வொர்க்கில் ஒரே டவரைப் பல தனிப் பாதைகளாகத் துண்டு போடும் வசதி இருக்கிறது. எனவே இந்தக் கேள்விகள் இனி அடிக்கடி வரும். அடுத்த முறை புதிய பேக் ஒன்றின் விளம்பரத்தைப் பார்க்கும்போது, விலைக்கு முன்னால் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.